அடியில் மட்டும் பார்த்த வண்டி

குமகாயின் பழைய கார்க் கடையில், ஒரு வெள்ளை வண்டிக்கு அடியில் கயோகோ மல்லாந்து படுத்திருந்தாள். வெளியே அவளுடைய பூட்ஸ் இரண்டு மட்டும் தெரிந்தன. ஹொக்கைடோவில் கார் வாங்குகிறவர்கள் சீட்டைத் தடவிப் பார்ப்பதற்கு முன் அடிப்பாகத்தைத்தான் பார்ப்பார்கள். பனிக்காகச் சாலையில் கொட்டுகிற உப்பு வண்டியைக் கீழிருந்துதான் தின்னும்.

"என்ன கயோ, தூங்கிட்டியா?" என்றார் அண்ணன் தொகுஜி. ஊர்ச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர் அவர்.

"துரு ஒரு பொட்டுகூட இல்லண்ணே. புதுப் பாத்திரம் மாதிரி இருக்கு."

"ககோஷிமாவுலேர்ந்து வந்த வண்டிம்மா. தெக்கத்தி வண்டி. உப்புன்னா சாப்பாட்டுல போடுறதுன்னுதான் அதுக்குத் தெரியும்" என்று குமகாய் சிரித்தார்.

பக்கத்தில் ஒரு பச்சை வண்டி நின்றது. உள்ளூர் வண்டி. அடியில் துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. ஆனால் நெம்புகோலைத் தள்ளினால் நான்கு சக்கரமும் ஒன்றாக இழுக்கும். வெள்ளை வண்டியில் நெம்புகோல் கிடையாது. முன்சக்கரம் வழுக்கினால் பின்சக்கரம் தானாகச் சேர்ந்துகொள்ளும். இரண்டுமே அவளிடம் இருந்த எட்டு லட்சம் யென்னுக்குள் வந்தன. அதுதான் சிக்கல்.

தனியாக வாழும் முதியவர்களின் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்வது கயோகோவின் வேலை. பதினான்கு வருடத்தில் அவள் சொல்லாமல் வேலைக்குப் போகாமல் நின்றது ஒரே ஒரு நாள். அம்மா இறந்த அன்று. அக்டோபரில் அவளுடைய பழைய கார் செத்துப்போனது. அதன்பின் ஆபீஸ் காரில் சமாளித்தாள். பனி விழுந்தால் அது ஊர் மேட்டில் ஏறாது. மேட்டு உச்சியில் இருந்தவர் சுகவாரா. எண்பத்தாறு வயது, ஒரு காலத்தில் மாடு வளர்த்தவர். குளிர்காலத்தில் மேலே போக வண்டி உண்டா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லச் சொல்லியிருந்தார் மேலாளர். இல்லையென்றால் அவரை டவுனில் உள்ள முதியோர் இல்லத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

"அங்க எட்டு மணிக்கே விளக்க அணைச்சிடுவாங்களாமே! நான் என்ன கோழியா?" என்று கேட்டிருந்தார் சுகவாரா.

கயோகோ எல்லாரிடமும் கேட்டாள். கேட்கக் கேட்கக் குழப்பம்தான் கூடியது.

"நெம்புகோல் வண்டிதான் நம்பிக்கை. தானா சேருற சமாச்சாரம் நடுமேட்டுல யோசிச்சிட்டு நிக்கும்" என்றார் தொகுஜி.

"காஞ்ச ரோட்டுல நெம்புகோலப் பழையபடி இழுத்துவிட மறந்தீங்கன்னா வளைவுல வண்டி முரண்டு பிடிக்கும்க்கா. நீங்க கண்ணாடிய நெத்தியில வச்சுக்கிட்டே தேடுற ஆளு" என்றாள் கூட வேலை செய்யும் மினேகோ.

கனமான வண்டி பனியைக் கவ்வும் என்றார் தபால்காரர். கனமானால்தான் சறுக்கும் என்றார் அவர் மனைவி, அதே வாசலில் நின்றபடி.

கடைசியில் துருதான் முடிவு செய்தது. "துருப்பிடிக்காத வண்டி இந்த ஊர்ல கெடைக்கிறதே அதிர்ஷ்டம். வெள்ளைய ஒருநாள் ஓட்டிப் பாரு" என்று அண்ணனே மனம் மாறினார். குமகாய் சாவியைக் கொடுத்தார்.

வியாழன் காலை மைனஸ் பதினேழு. உறைந்து ஒட்டாமலிருக்க முந்தின நாளே வைப்பரைத் தூக்கி வைத்திருந்தாள். அதற்காகவே ஹேண்ட் பிரேக்கையும் போடவில்லை. ஆனாலும் வண்டி மூன்று முறை முனகிவிட்டுத்தான் கிளம்பியது. மேட்டின் முதல் வளைவில் அருமையாக ஏறியது. இரண்டாவது வளைவில் பால் லாரி எதிரே வந்து அழுக்குப் பனியை வாரி அடித்தது. பழக்கத்தில் முன்கண்ணாடிக்குத் தண்ணீர் அடித்தாள். அடித்த தண்ணீர் அப்படியே வெள்ளைத் திரையாக உறைந்தது.

நடுமேட்டில், ஒன்றும் தெரியாமல், வண்டி நின்றது. யாரும் நிறுத்திப் பார்க்கத் துணியாத இடம் அது. பிரேக்கில் காலை வைத்தபடியே ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, கண்ணாடியை ஒரு சாண் அகலத்துக்குச் சுரண்டினாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஆக்சிலரேட்டரை மிதித்தாள். முன்சக்கரம் ஒரு கணம் வழுக்கியது. பின்னாலிருந்து யாரோ தள்ளியதுபோல வண்டி ஏறியது.

"ஏம்மா, காரையே இக்லூவா கட்டி எடுத்துட்டு வந்தியா?" என்றார் வாசலில் நின்ற சுகவாரா.

அவரைக் குளிப்பாட்டும்போதுதான் அவளுக்கு உறைத்தது. எல்லாரும் அடியில்தான் படுத்துப் பார்த்தார்கள். இன்ஜின் மூடியை யாரும் திறக்கவில்லை. தெக்கத்தி வண்டியின் பேட்டரியும், இன்ஜினைக் குளிரூட்டும் நீரும், கண்ணாடிக்கு அடிக்கும் தண்ணீரும் தெக்கத்திக்கு உரியவைதானே!

அன்று மாலை குமகாயின் முன் நின்றாள். "சக்கரத்துல ஒரு குறையும் இல்ல. ஆனா பெரிய பேட்டரி போடணும், ரெண்டு தண்ணியையும் உறையாததா மாத்தணும். உங்க செலவுல. நாளைக்கு ஆபீஸ் திறக்கிறதுக்குள்ள."

குமகாய் தலையைச் சொறிந்தார். "இதுவரைக்கும் இத யாரும் கேட்டதில்லையேம்மா."

"யாரும் நடுமேட்டுல நின்னிருக்க மாட்டாங்க."

கூட வந்து மறுபடி அடிப்பாகத்தில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்த தொகுஜி, அதை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை, மேலாளரின் தாளில் சுகவாராவின் பெயருக்கு எதிரே "வீட்டிலேயே" என்று எழுதினாள். வெளியே வந்ததும் பச்சை வண்டியே நல்லதோ என்று ஒரு நொடி மறுபடி தோன்றியது. வெள்ளை வண்டியில் ஏறி, கண்ணாடிக்குத் தண்ணீர் அடித்துப் பார்த்தாள். உறையவில்லை. வண்டியை மேட்டுப் பக்கம் திருப்பினாள்.