விஜயா மாற்றிவைத்த நேரம்

நானுஓயாவில் வேனுக்காக நின்றபோதுதான் செய்தி வந்தது. "விஜயா மிஸ் போயிட்டாங்க, தெரியுமாங்க?" என்று போனில் கேட்டவள் அவளுடைய பழைய மாணவி. தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளைப் பற்றி எதுவானாலும் எனக்குத்தான் முதலில் தெரியவேண்டும் என்று இத்தனை வருடம் இருந்தவள் நான். இதிலும் பிந்திவிட்டேன்.

தலவாக்கலையில் அவளிடம் படித்தவர்களுக்கு என்னைத் தெரியும். எதிர்க்கடைக்காரி. ஹட்டனில் ஒரே வகுப்பில் டைப்பிங் படித்து, தொண்ணூறுகளில் ஒரே வீதியில் எதிரெதிராக ஆளுக்கொரு கடை பிடித்து வகுப்புத் தொடங்கினோம். கம்ப்யூட்டரை முதலில் வாங்கியவள் நான். ஆனாலும் பிள்ளைகள் அவள் படியில்தான் ஏறினார்கள். பிள்ளையைக் கூட்டிவரும் அம்மாமாரையும் உட்காரவைத்துத் தேத்தண்ணீர் கொடுப்பாள். பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரியும். இரங்கல் எழுத உட்கார்ந்துவிட்டேன் என்பதற்காக, எரியவில்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

பிறகு அந்தத் தேயிலைத் தொழிற்சாலை விவகாரம். அங்கே ஆபீஸில் புதுக் கம்ப்யூட்டர் காலையில் நகரவே மாட்டேன் என்றது. ஒரு பக்கம் திறப்பதற்குள் தேத்தண்ணீர் ஆறிவிடும். அதைச் சரிசெய்பவருக்கே சுற்றுவட்டாரத் தோட்டத்துக் கிளாக்கர்மாருக்கெல்லாம் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கும் வேலை என்று பெரிய கிளாக்கர் சொல்லியிருந்தார். எனக்கு அது வேண்டும். அவளுக்குப் போகக்கூடாது. இரண்டில் எது பெரிய ஆசை என்று கேட்காதீர்கள்.

முதலில் கூப்பிட்டது என்னைத்தான். என் வகுப்பு முடிந்து பின்னேரம் போனேன். தூசி தட்டினேன், வேண்டாததையெல்லாம் அழித்தேன், மெமரி கூடப் போட்டேன். குதிரை மாதிரி ஓடியது. மறுநாள் காலையில் போன்: "மிஸ், மறுபடியும் படுத்துக்கிச்சுங்க." மூன்று முறை இப்படியே. அதற்குப் பிறகு அவளைக் கூப்பிட்டார்கள்.

விஜயா காலையில் ஆபீஸ் திறக்கும்போதே போய் உட்கார்ந்தாள். என்ன செய்கிறாள் பார்க்கலாம் என்று நானும் போனேன், விடுவேனா? அவள் எதையும் கழற்றவில்லை. எந்தெந்த வேலை ஓடுகிறது என்று மட்டும் திறந்து பார்த்தாள். மெஷினோடு கூடவே வந்த ஆன்டிவைரஸ், ஆபீஸ் முழுக்கக் காத்திருக்க, மெஷினின் மூலை முடுக்கெல்லாம் வைரஸ் தேடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தவோ நீக்கவோ கூடாது என்று கொழும்புத் தலைமை ஆபீஸிலிருந்து உத்தரவு இருந்ததால் நான் அந்தப் பக்கமே போயிருக்கவில்லை.

"ராத்திரியில இத எப்படிங்க வச்சிருப்பீங்க?" என்று கேட்டாள்.

"இடி மின்னல் வருமே மிஸ். வாட்சர் பிளக்க புடுங்கிருவாரு," என்றார் பெரிய கிளாக்கர்.

மலையில் யார்தான் பிடுங்காமல் இருப்போம்? நானும் பிடுங்குகிறவள்தான். ஆன்டிவைரஸ் இரவு இரண்டு மணிக்குத் தேட வேண்டியது. அப்போது மெஷினுக்கு உயிரே இல்லை. விட்ட வேலையைக் காலையில் மெஷினைப் போட்டதும் தொடங்கி, மத்தியானத்துக்குள் முடித்துவிடும். அதனால்தான் பின்னேரம் போன என்னிடம் அத்தனை ஒழுங்காக ஓடியிருக்கிறது!

"அதுவும் பாவம், அதோட வேலையத்தானே பாக்குது," என்று சிரித்துக்கொண்டே தேடும் நேரத்தைப் பகல் ஒரு மணிக்கு, எல்லாரும் சாப்பிடப் போகும் நேரத்துக்கு, மாற்றினாள். அவ்வளவுதான். வகுப்பு அவளுக்குப் போனது. போகும்போது, "மத்ததெல்லாம் இவதாங்க நல்லா செஞ்சு வச்சிருக்கா," என்று வேறு சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கடைக்கு வந்து என் மெஷினிலும் தேடும் நேரத்தை ஒரு மணிக்கு மாற்றினேன். அவளுடையதும் ஒரு மணிதான். அந்த நேரத்தில் இரண்டு கடையிலும் வேலை ஓடாது. "என்னடி, ஒன்னோடதும் படுத்துருச்சா?" என்று வீதிக்கு அந்தப் பக்கமிருந்து கத்திக்கொண்டு சோற்றுப் பார்சலோடு வந்துவிடுவாள். சாப்பிட்டுக்கொண்டே சண்டை போடுவோம். அவள் கொண்டுவரும் சம்பலும் என்னுடையதைவிட ருசியாகத்தான் இருக்கும், சனியன்.

இப்போது பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். "விஜயா மிஸ் இல்லீங்களே, அதான் இங்க வந்தோம்," என்று முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். செத்தும் விடமாட்டேன் என்கிறாள்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு மணிதான். புது மெஷினிலும் அப்படியே வைத்திருக்கிறேன். வகுப்பு நிறைந்துவிட்டதால் பிள்ளைகள் அந்த நேரத்திலும் இருக்கிறார்கள், "நேரத்த மாத்துங்க மிஸ்," என்கிறார்கள். மாற்றமாட்டேன். எழுந்து வாசலுக்கு வந்து, பூட்டிக் கிடக்கும் எதிர்க்கடையைப் பார்த்தபடி சாப்பிடுகிறேன். இந்த வீதியில் இனி நான் யாரைப் பார்த்து வயிறெரிவது, விஜயா?