நீதிபதி ட்ரஸ்க் தொலைத்த காகிதம்

எல்கானா ட்ரஸ்க்கை யாராவது மறதிக்காரர் என்று சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். உண்மைதான், ஆனாலும் வரும். வக்கீல், சட்டசபை உறுப்பினர், நீதிபதி என்று முப்பது வருஷம் அமெரிக்காவில் எங்கள் இண்டியானா கோர்ட்டைச் சுற்றியே வாழ்ந்த மனுஷன். நான் அங்கே குமாஸ்தா.

சட்டசபையில் அவர் கொண்டுவந்தது ஒரே ஒரு சட்டம், பன்றிச் சட்டம். எங்கள் பன்றிகள் காட்டில் ஓக் கொட்டை தின்று திரியும். யாருடையது என்பதைக் காதில் வெட்டிய அடையாளம் சொல்லும். அந்த அடையாளம் என் பதிவேட்டில் இல்லாவிட்டால், பிடித்தவனுக்கே பன்றி சொந்தம். வரிக்கு வரி அவரே எழுதியது. பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அவர் நீதிபதியான ஆறாம் வருஷம், கெசையா ஹோவி என்ற விதவையின் பதினான்கு பன்றிகளை லைமன் பாஸெட் பிடித்துக்கொண்டான்; வழக்கு ட்ரஸ்க்கிடமே வந்தது. குளிர்காலம் முழுக்க அவளுக்கும் நாலு பிள்ளைகளுக்கும் அதுதான் சாப்பாடு. பதிவேட்டில் ஹோவி பெயரே இல்லை. புருஷன் சாகுமுன் அடையாளத்தை எழுதி, பதியச் சொல்லி ஒரு வக்கீலிடம் கொடுத்தார் என்றாள். ஊர் ஊராகக் குதிரையில் வரும் வக்கீல்களிடம் இப்படிக் கொடுத்தனுப்புவது அப்போது வழக்கம். அவர்களும் தொப்பிக்குள் செருகிக்கொண்டு போவார்கள்.

"எந்த வக்கீல்மா?" என்றார் ட்ரஸ்க்.

"நீங்கதாங்க."

வேறு சாட்சி கிடையாது. ஞாபகமில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது; எங்கள் ஊரில் நீதிபதியையும் ஓட்டுப் போட்டுத்தான் எடுப்பார்கள், அந்தத் தேர்தலுக்கு மூன்றே வாரம். சொல்லித் தொலையுமய்யா என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

மனுஷன் கேட்டால்தானே! இன்னொரு வக்கீலைத் தன் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, இறங்கி வந்து சாட்சியாகச் சத்தியம் செய்தார். வக்கீலாக இருந்தபோது காகிதம் வாங்கியது நிஜம், ஆற்றைக் கடக்கும்போது தொப்பியோடு அதுவும் போய்விட்டது, அப்புறம் அதை நினைக்கவே இல்லை என்றார்.

பாஸெட்டின் வக்கீல் நக்கலாகக் கேட்டான். "மறந்துபோறவங்களுக்கு உங்க சட்டத்துல இடமிருக்கா?"

"இல்ல. மறக்கற ஆளு நான்தான்னு எழுதும்போது தெரியல."

ஜூரிகள் பன்னிரண்டு பேரும் பன்றி வளர்ப்பவர்கள். சட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு, பன்றிகளை அவளுக்கே கொடுத்தார்கள். தேர்தலில் அவரைக் கவிழ்த்ததும் அந்த மாதிரி ஆட்கள்தான். ஒரு துண்டுக் காகிதத்தைக் காப்பாற்றத் தெரியாதவரா நீதிபதி என்று ஊரெல்லாம் பேச்சு. பதினேழு ஓட்டில் தோற்றார்.

ஐம்பத்தெட்டு வயதில் மறுபடி வக்கீல் பலகை மாட்டினார். இரண்டு வாரம் ஈ காக்கை எட்டிப்பார்க்கவில்லை. மூன்றாம் வாரம் நான் அவரோடு பேசிக்கொண்டிருந்தபோது கெசையா ஹோவி வந்தாள், ஏதோ வேலித் தகராறாம்.

"பொம்பள, எனக்கு ஓட்டு இல்ல. இருந்திருந்தாலும் உங்களுக்குப் போட்டிருப்பேனான்னு சந்தேகந்தான்," என்றாள். "ஆனா கேஸ்னா உங்ககிட்டதான் வருவேன். காகிதத்த மட்டும் நானே வச்சுக்கறேன்."

ட்ரஸ்க் மூக்கைச் சிந்திவிட்டு, அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.