பிரசவ அறையில் ஊதிய கப்பல்

வேறு எதையும் சொல்வதற்கு முன் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை பெற்ற தாய்மாரிடம், பிரசவ அறையில் உங்களை யாராவது ஏசினார்களா, அடித்தார்களா என்று கேட்டுவர ஆள் அனுப்பியவன் நான். அனுப்பியது பிரசவம் பார்க்கப் படித்த மருத்துவமாதுகளை. அதுவும் வெள்ளைச் சீருடையோடு. பொலிஸ் உங்களுக்கு அடித்ததா என்று விசாரிக்கப் பொலிஸ்காரரையே வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்துவதைப் போன்ற வேலை. அதற்கு ஆராய்ச்சி என்று பெயர் வைத்து, முன்மொழிவு எழுதி, அனுமதிக் கையெழுத்துகள் எல்லாம் வாங்கி ஒழுங்காகச் செய்து முடித்தேன். மடத்தனத்தையும் முறைப்படி செய்கிற பழக்கம் எனக்கு உண்டு.

பதில்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல வந்தன. நன்றாகப் பார்த்தார்கள், அன்பாகக் கதைத்தார்கள், ஒரு குறையும் இல்லை. அடுத்த மாதமும் அதே மருத்துவமாது மிஸ்தான் வந்து பிள்ளையை நிறுக்கப்போகிறார், சத்துமாப் பைக்கற்றைத் தரப்போகிறார். அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு எந்தத் தாய் குறை சொல்வாள்? இது சந்தைக்குப் போகிற எவருக்கும் விளங்கும். எனக்கு விளங்கவில்லை. திருகோணமலை நகரத்தில் ஒரு கூட்டம் வைத்துத் திரையில் வட்டப்படம் காட்டினேன். வட்டம் முழுக்கப் பச்சை. மீன் பற்றிஸ் கடித்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு கையால் தொடையில் தட்டிப் பாராட்டினார்கள்.

நான் தாதியாக வேலை தொடங்கியவன். சத்திரசிகிச்சைக் கூடத்திலும் மகப்பேற்று வார்ட்டிலும் நின்றுவிட்டு, பிறகு மருத்துவமாதுப் பயிற்சிக்கு வருகிறவர்களுக்குப் பாடம் சொல்பவனானேன். ஓர் ஆணுக்கு இது விசித்திரமான உத்தியோகம் என்பதால், யாரும் கேட்பதற்கு முன் முதல் நாள் வகுப்பில் நானே சொல்லிவிடுவேன்: நான் பெற்றது ஒரேயொரு சிறுநீரகக் கல், அதுவும் குறைமாதம், அதற்கே ஊரைக் கூட்டினேன். வகுப்பு சிரிக்கும். சிரித்த பிள்ளைக்குப் பாடம் மறக்காது என்பது என் நம்பிக்கை. அந்த நம்பிக்கை பிழையில்லை. அதுதான் இந்தக் கதையில் உள்ள கரைச்சல்.

கூட்டம் முடிந்து சில வாரங்களில் குறிஞ்சாக்கேணியில் வேலை செய்கிற மருத்துவமாது தொலைபேசி எடுத்தார். என் பழைய மாணவி. வகுப்பில் முன் வாங்கிலிருந்து நான் தும்மினாலும் கொப்பியில் குறித்துக்கொண்டவர். அவருடைய பகுதியில் ஒரு தாய்க்கு எட்டு மாதம், இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளை பிறந்த கையோடு பெரிய இரத்தப்பெருக்கு வந்து, பைன்ட் பைன்டாக இரத்தம் ஏற்றித்தான் ஆளைக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஒருமுறை அப்படிப் போனவருக்கு மறுமுறையும் போகக்கூடும். அந்தத் தாய் இப்போது ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன், வீட்டிலேயே பெறப்போகிறேன் என்கிறார். கிளினிக்குக்கு ஒழுங்காக வருகிறார், மாத்திரை எடுக்கிறார், சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறார். ஆஸ்பத்திரி என்ற பேச்சு வந்ததும் கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போய்விடுகிறார்.

அவர் என் ஆராய்ச்சியில் இருக்கிறாரா என்று கேட்டேன். எனக்கு முதலில் தோன்றியது அதுதான், என்ன செய்ய.

"ஓம் சேர். எல்லாத்துக்கும் நல்லம் எண்டுதான் சொன்னவ. நான்தான் நிரப்பினனான்."

அப்படியென்றால் ஏன் வர மறுக்கிறார் என்று கேட்டேன். "நீங்க வந்து கேளுங்க சேர். நான் சொல்ல மாட்டன்" என்றார்.

அடுத்த நாள் மோட்டார் சைக்கிளில் போனேன். கடற்களப்பைப் பார்த்த வீடு. முன் விறாந்தையில் எனக்கொரு பிளாஸ்டிக் கதிரை, ஒரு பிளேன்டீ. அந்தத் தாய் உள்வாசலில் திரைச்சீலையைப் பாதி இழுத்துவிட்டு வாங்கில் இருந்தார். மூத்த பிள்ளை அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. கணவர் மீன் வியாபாரம். வியாபாரத்தை விட்டுவிட்டு நிற்கிறார் என்பது அவருடைய நிற்பிலேயே தெரிந்தது. நான் வழக்கம் போலச் சிறுநீரகக் கல்லில் தொடங்கினேன். கணவர் மரியாதைக்கு வாயைக் கொஞ்சம் அசைத்தார். அந்தத் தாய் என்னைப் பார்க்கவும் இல்லை. மருத்துவமாது நிலத்தைப் பார்த்தார்.

பிறகு நேராகக் கேட்டேன். அவர் மெதுவாகச் சொன்னார். பிரசவ நோ கூடின நேரம் தாயை நினைத்து உம்மா, உம்மா என்று கத்தியிருக்கிறார். ஒரு மிஸ்ஸி, அங்கே வேலை செய்கிற தாதி, வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கட்டிலுக்கு முன்னால் நின்றாராம்.

"'நீ போடுற சத்தத்துக்குத் துறைமுகத்துல நிக்கிற கப்பலே திரும்பிப் போயிரும், புள்ள எப்படி வரும்' எண்டாங்க. பொறகு கப்பல் மாதிரி ஊதிக் காட்டினாங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

அதற்குப் பிறகு அவர் சத்தமே போடவில்லை. சீலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு பெற்றிருக்கிறார். பிள்ளையைத் துடைத்துக் கொடுத்துவிட்டு எல்லாரும் அடுத்த கட்டிலுக்குப் போனபின், தனக்குக் கீழே சூடாக ஏதோ ஓடுவது தெரிந்ததாம். கூப்பிட நினைத்தாராம். கூப்பிட்டால் திரும்பவும் ஊதுவார்கள் என்று மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தாராம். தேத்தண்ணிக் கோப்பை எடுக்க வந்த சிற்றூழியரின் செருப்பு வழுக்கியபோதுதான் மற்றவர்கள் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள்.

அந்தக் கப்பல் என்னுடையது.

தாய்மாரிடம் எப்படிக் கதைக்கக்கூடாது என்று எனக்கொரு பாடம் உண்டு. அதில் இடுப்பில் கையை வைத்து, கண்ணை உருட்டி, ஒரு சிடுமூஞ்சித் தாதியாக மாறி, கப்பல் வசனத்தைச் சொல்லிவிட்டுக் கடைசியில் வாயால் ஊதிக் காட்டுவேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவன், கப்பல் ஊதுவது எனக்குக் கைவந்த வேலை. பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஒருமுறை கதவைத் திறந்து, சரக்கு இறக்கி முடிந்ததா என்று கேட்டார். பல வருடமாக, ஒவ்வொரு அணிக்கும் ஊதியிருக்கிறேன். ஊதி முடித்து, பிள்ளைகள் கண்ணைத் துடைத்து ஓய்ந்தபின், "இப்படி ஒருநாளும் கதைக்கக்கூடாது" என்பேன். அதற்குள் மணி அடித்துவிடும்.

அந்த விறாந்தையில் நான் செய்திருக்க வேண்டியதைச் செய்யவில்லை. கோப்பையை வைத்துவிட்டு இரத்தப்பெருக்கைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். கர்ப்பப்பை சுருங்காவிட்டால் என்ன ஆகும், வீட்டிலிருந்து வாகனம் பிடித்துப் போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகும், அந்த நேரம் உடம்பு தாங்குமா என்றெல்லாம் சொன்னேன். எல்லாம் சரியான விஷயம். என் வாழ்க்கையில் அவ்வளவு சரியாகவும் அவ்வளவு கோழையாகவும் நான் கதைத்ததில்லை. அந்தத் தாய் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். என் பச்சை வட்டம் எதனால் ஆனது என்று அப்போதுதான் கண்ணால் கண்டேன்.

வெளியில் வந்து மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றோம். எப்போதிருந்து தெரியும் என்று மருத்துவமாதுவிடம் கேட்டேன். போன மாதம், சீருடை இல்லாமல் ஒரு கலியாண வீட்டில் சந்தித்தபோதுதான் அந்தத் தாய் வாய்திறந்தாராம்.

"கேட்ட உடன எனக்கு உங்கட குரல்தான் சேர் வந்தது. நானும் வகுப்பில சிரிச்சனான். செய்யக்கூடாது எண்டு நீங்க சொன்னது என்ர கொப்பியில இருக்கு. ஆனா சேர், வார்ட்டுக்கு ஒருத்தரும் கொப்பியைக் கொண்டு போறேல்ல."

அந்த வாரம் நான் மூன்று வேலை செய்தேன். முதலாவது, பச்சை வட்டம் பிழை என்று ஆராய்ச்சிக்கு அனுமதி தந்தவர்களுக்கு எழுதினேன். என்னோடு சேர்ந்து செய்தவர், வட்டம் நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் வீணாகக் கிண்டுகிறாய் என்று மனவருத்தப்பட்டார்.

இரண்டாவது, புதிய அணிக்கு அதே பாடத்தைப் பகிடி இல்லாமல் எடுத்தேன். வகுப்பு ஊதாத சங்கு போலக் கேட்டுக்கொண்டு கிடந்தது. முடிவில் ஒரு பிள்ளை எழும்பி, "சேர், கப்பல் கதை சொல்லேல்லையே? அக்காமார் சொன்னவை" என்றது. இல்லை என்றேன். எல்லார் முகத்திலும் ஏமாற்றம். எனக்கும் தொண்டை வரைக்கும் வந்துதான் திரும்பியது, பொய் சொல்லக்கூடாது.

மூன்றாவது, அந்தப் பிரசவ அறைக்குப் போனேன். அங்கே பொறுப்பாக இருந்த மிஸ்ஸி என்னைக் கண்டதும் மகிழ்ச்சியாக வரவேற்றார். கப்பல் இன்னும் ஊதுகிறதா என்று கேட்டேன். அது எங்கள் வார்ட்டில் பழகிப்போன பகிடி, தாய்மாரும் சிரிப்பார்கள், இறுக்கம் போகும் என்றார். ஒரு தாய் சிரிக்கவில்லை என்று சொல்லி, சிற்றூழியரின் செருப்பு வரைக்கும் சொன்னேன். அந்த நாள் அவருக்கு ஞாபகம் இருந்தது. முகம் மாறிவிட்டது. மேசையில் இருந்த பதிவுப் புத்தகத்தைத் திறந்தார், மூடினார். ஊதியது தானா என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

அவரிடம் ஒரு காரியம் கேட்டேன். ஊரில் வேலை செய்கிற மருத்துவமாதுவின் கடமை ஆஸ்பத்திரி வாசலோடு முடிந்துவிடும். உள்ளே அவருக்கு வேலை இல்லை, வருவதும் வழக்கம் இல்லை. இந்த ஒரு தாய்க்கு மட்டும் குறிஞ்சாக்கேணி மருத்துவமாதுவைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்க விடுங்கள் என்றேன். மற்றவர்களும் கேட்பார்கள் என்றார். கேட்கட்டும் என்றேன். மேலிடத்தில் கதைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து ஓம் என்று சொல்லி அனுப்பினார்.

திரும்பக் குறிஞ்சாக்கேணிக்குப் போனபோது நாள் நெருங்கியிருந்தது. அதே விறாந்தை, அதே கதிரை. மருத்துவமாது இந்த முறை எனக்குப் பக்கத்தில் இல்லாமல் உள்ளே போய் அந்தத் தாயோடு வாங்கில் இருந்தார். நான் கல்லைப் பற்றிப் பேசவில்லை. அந்தக் கப்பல் வசனம் நான் படிப்பித்தது என்றேன். செய்யக்கூடாதென்று சொல்லத்தான் செய்து காட்டினேன், ஆனால் சிரிப்புக்காகச் செய்து காட்டினேன், என் மாணவிகள் சிரிப்பைத்தான் வார்ட்டுக்குக் கொண்டுபோனார்கள் என்றேன். மன்னியுங்கள் என்று சொன்னபோது குரல் எனக்கே புதிதாக இருந்தது.

கணவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப அது சேரா?" என்றார்.

ஓம், நான்தான் என்றேன். அவர் வாசல் படலை வரைக்கும் நடந்து போய், கொஞ்ச நேரம் களப்பைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தார். அடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். கதிரையைக் கொஞ்சம் பின்னால் தள்ளி இருந்தது உண்மை.

அந்தத் தாய் வயிற்றின் மேல் கையை வைத்து, பிள்ளை உதைக்கிற இடத்தை விரலால் தேடிக்கொண்டிருந்தார். மருத்துவமாது உள்ளே வந்து பக்கத்தில் நிற்பார், அனுமதி கிடைத்துவிட்டது என்றேன். இரத்தம் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன் என்றேன். அவர் வயிற்றிலிருந்து கண்ணை எடுக்காததால், என் பழைய வியாதி தலைகாட்டியது. நானும் வந்து பிரசவ அறை வாசலில் நிற்கிறேன், ஒருவரும் ஒரு சொல் சொல்லாமல் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, வருவீர்களா என்று கேட்டேன்.

அவர் முதல் தடவையாக என் முகத்தை நேரே பார்த்தார்.

"மிஸ்ஸோட வாறன், நீங்க வராதீங்க."