இருமல்காரரும் வெள்ளைச்சட்டைக்காரரும்

காரைக்குடிப் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் எனக்கு ஒரு டிடிபி கடை இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், அறுபதாம் கல்யாண மலர் எல்லாம் என் கம்ப்யூட்டரைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகும். ஊர்க்காரர்கள் எழுதிய எத்தனையோ புத்தகங்களைப் பக்கம் பக்கமாக வடிவமைத்துக் கொடுத்திருக்கிறேன். எனக்கென்று ஒரு புத்தகம் செய்ய வேண்டும் என்று ஆசை இருந்தது. எதைப் பற்றி என்றுதான் தெரியவில்லை.

அதைக் கொண்டுவந்து சேர்த்தவர், பேத்தி கல்யாணப் பத்திரிகைக்குப் புரூஃப் பார்க்க வந்த ஒரு பெரியவர். நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் முன்பு இருந்த ஒரு மனமகிழ் மன்றத்துக்கு வெகுகாலம் செயலாளர். அன்று கரன்ட் போய்விட்டதால் நான் செல்போனில் கேரம் ஆடிக்கொண்டிருந்தேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"இதுல பவுடர் எங்குட்டுப் போடுவீக?" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஊர் ஊராகப் போய்ப் பந்தயத்துக்குக் கேரம் ஆடியவர்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அகர்பத்தி விற்க வந்தவர்போலவோ வாட்ச் ரிப்பேர்காரர்போலவோ பஸ்ஸில் வந்து இறங்குவார்களாம். லாட்ஜில் ரூம் எடுப்பார்கள். சாயங்காலம் மன்றத்தின் பக்கம் வந்து வேடிக்கை பார்ப்பார்கள். யாராவது "ஆடுறீகளா?" என்று கேட்கும்வரை வாயைத் திறக்கமாட்டார்கள். உட்கார்ந்தால் மோசமாக ஆடித் தோற்பார்கள். நாலைந்து நாள் போய், பெரிய பந்தயம் விழும்போதுதான் ஸ்ட்ரைக்கர் அவர்கள் சொன்னபடி கேட்கும்.

அந்த மன்றத்தைத் தாண்டித்தான் நான் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். ஜன்னலில் பச்சைத் திரை தொங்கும். உள்ளிருந்து காய் மோதும் சத்தம் வரும். பெண்கள் யாரும் அந்தப் படியேறி நான் பார்த்ததில்லை. அதனாலோ என்னவோ, கரன்ட் வந்த பிறகும் பத்திரிகையை விட்டுவிட்டு அவரையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு பந்தயக் கதை. வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட் போட்ட ஒருவர் மன்றத்துக்கு வந்து உள்ளூர் ஆட்டக்காரர்கள் அத்தனை பேரையும் ஜெயித்துவிட்டு, "காரைக்குடியில ஆளே இல்லையா?" என்று கேட்டாராம். அதே சமயம், அகர்பத்தி விற்க வந்த ஒரு நோஞ்சான் மனிதரும் அங்கே தினமும் வந்து எல்லோரிடமும் தோற்றுக்கொண்டிருந்தார். ஓயாமல் இருமுவார். அவருக்குப் பெயரே இருமல்காரர்தான். வெள்ளைச்சட்டைக்காரர் அந்த இருமலைக் கேலி செய்ததும் அவருக்கு ரோஷம் வந்து, "என்கூட ஆடு" என்று உட்கார்ந்துவிட்டார்.

"நாங்க பூராப் பேரும் வெள்ளைச்சட்டை மேல கட்டுனோம். வேற யாரு மேல கட்டுறது? இருமல்காரர் ரோஷத்துல அம்புட்டுப் பந்தயத்தையும் ஏத்துக்கிட்டாரு. கையில கிடந்த வாட்சக் கழட்டி வச்சவுகளும் உண்டு. ஆட்டம் சரிக்குச் சமமாப் போச்சு. கடைசி போர்டுல இருமல்காரர் பிரேக் பண்ணாரு பாருங்க, ஒன்பது வெள்ளையும் ரெட்டும் ஒரே கையில போச்சு. அந்தாளு ஸ்ட்ரைக்கரத் தொடவே இல்லை. எங்க ஊரக் கேலி பண்ணவன் மூஞ்சி செத்துப்போச்சு. அவரத் தோள்ல தூக்கிக்கிட்டுத் தெருவச் சுத்துனோம். தோத்தவுக எல்லாரும் சந்தோஷமா வீட்டுக்குப் போன பந்தயம் அது ஒண்ணுதான், தாயி."

ஒவ்வொரு காய் விழுந்ததும் இருமல்காரர் இடது காது மடலைத் தொட்டுக்கொள்வார் என்பதையும் அவரே தொட்டுக் காட்டினார்.

இப்படித்தான் புத்தக வேலை தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் செல்போனை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். கொத்தமங்கலத்தில் ஒரு ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர், கல்லலில் ஒரு ரைஸ்மில்காரர் என்று ஒருவர் கைகாட்ட இன்னொருவரிடம் போனேன். வெளியூர் ஆட்டக்காரர்கள் எல்லோரையும் தாங்கள் ஜெயித்ததாகத்தான் பலரும் சொன்னார்கள். அப்படியானால் அவர்கள் எதை வைத்து பஸ் டிக்கெட் எடுத்தார்கள் என்று எனக்குச் சந்தேகம் வரும். கேட்கமாட்டேன். பேசவிட்டால்தானே அடுத்த கதை வரும்.

தேவகோட்டையில் ஒரு தையல்கடைக்காரர் தன் ஊர்க் கதையைச் சொன்னார். அங்கே திமிர் பிடித்தவர் கழுத்தில் செயின் போட்டிருந்தார். அவரைத் தோற்கடித்தவர் ஒரு பரிதாபமான வாட்ச் ரிப்பேர்காரர். அங்கேயும் ஊரே திமிர்க்காரர் மேல்தான் பணம் கட்டியிருந்தது. கட்டியதெல்லாம் போனாலும் அவர் தோற்றதில் ஊருக்கு ஏக சந்தோஷம்.

கடையில் உட்கார்ந்து அந்தப் பதிவைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது ஒரு வரியில் கை நின்றுவிட்டது. "காய் விழுந்தா அந்தச் செயின்காரன் காதத் தொட்டுக்குவான்" என்று தையல்கடைக்காரர் சொல்லியிருந்தார்.

உடனே அவருக்குப் போன் போட்டேன். "எந்தக் காது?"

"இடது காது. ஏன்? அவரு உசுரோடதான் இருக்காரு. காளையார்கோவில்ல மகன் மருந்துக்கடை வச்சிருக்கான். போன மாசங்கூடப் பாத்தேன்."

ஒரு ஊரில் இருமல்காரர், இன்னொரு ஊரில் செயின்காரர். அப்படியானால் அந்த வாட்ச் ரிப்பேர்காரர் யார்? அன்று வேறு எந்த வேலையும் எனக்கு ஓடவில்லை.

சர்வேயரிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார்.

"தோள்ல தூக்குனோம்னு சொன்னேன்ல? முதல்ல தூக்குனவன் நான்தான்" என்றார். பிறகு, "நானும் வாரேன். அந்தாளுட்ட ஒரு கேள்வி கேக்கணும்."

கல்லல் வழியாகக் காளையார்கோவில் போகும் பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் அவர் ஜன்னலைப் பார்த்தபடி வந்தார். போன இடத்தில் சண்டை போட்டுவிடுவாரோ என்று எனக்கு உள்ளூரப் பயம்.

மருந்துக்கடைக்குப் பின்னால்தான் வீடு. கதவைத் திறந்த அம்மாளுக்கு எழுபது வயதிருக்கும். "போன்ல பேசுனவுக நீங்கதானா? உள்ள வாங்க. நீங்க வாரீகன்னு சொன்னதுலருந்து அவுக காதத் தொட்டுக்கிட்டே இருக்காக" என்றார்.

நான் ஒரு தந்திரக்கார முகத்தை எதிர்பார்த்துப் போயிருந்தேன். உள்ளே இருந்தவர் எந்த ஆபீசிலும் பார்க்கக்கூடிய தலைமை குமாஸ்தாபோல இருந்தார். மூக்குக்கண்ணாடி, மடிப்புக் கலையாத வேட்டி. சட்டைப்பையில் பேனா.

"நீங்க இருமவே இல்லையே" என்றேன். எனக்கு அதுதான் முதலில் வாயில் வந்தது.

"அது வேலைக்கு மட்டுந்தாம்மா."

சர்வேயரின் முகம் இறுகியதைப் பார்த்தேன். அதற்குள் எதிர்வீட்டிலிருந்து துண்டைப் போர்த்திக்கொண்டு இன்னொருவர் வந்தார். நல்ல உயரம். பனியன்தான் போட்டிருந்தார், ஆனால் சர்வேயர் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். வெள்ளைச்சட்டைக்காரர். இருவரும் இப்போது சம்பந்திகள். இருமல்காரர் மகனுக்குத்தான் வெள்ளைச்சட்டைக்காரர் மகளைக் கொடுத்திருக்கிறார்கள்.

அவர்கள் முதலில் சந்தித்த கதையை வெள்ளைச்சட்டைக்காரர் சொன்னார். திண்டுக்கல்லில் ஒரு லாட்ஜ். இருவரும் ஒருவரையொருவர் உள்ளூர் ஏமாளி என்று நினைத்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

"நான் வேணும்னே விடுறேன். அவரும் விடுறாரு. நான் ஸ்ட்ரைக்கர உள்ள போட்டு பைன் கட்டுறேன். அவரும் கட்டுறாரு. ஆட்டம் முடியவே மாட்டேங்குது. லாட்ஜ் மேனேஜர் வெறுத்துப்போயி லைட்ட அணைச்சுட்டான். இருட்டுக்குள்ள ரெண்டு பேரும் ஒண்ணா சிரிச்சோம்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சர்வேயர் மட்டும் கைகளை மடித்து வைத்துக்கொண்டு இருமல்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"என்னையத் தெரியுதா?"

இருமல்காரர் கண்ணாடியைச் சரிசெய்து உற்றுப் பார்த்தார். "காரைக்குடி. என்னையத் தூக்குனவுக."

"அந்தக் கடைசி போர்டு. ஒரே கையில அம்புட்டும் போட்டீகளே. அதுவும் நடிப்பா?"

எங்களுக்கு டீ கொடுத்துவிட்டுப் போன அந்த அம்மாள் அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"தப்ப விடுறத நடிக்கலாம். போடுறத எப்படி நடிக்கிறது? அது அன்னைக்கு நிஜமாவே விழுந்துச்சு. அதுக்கு முன்னாடியும் அப்படி விழுந்ததில்ல, பின்னாடியும் விழல."

"நிஜமா?"

"இந்தா, இவர்ட்டக் கேளுங்க. ரெண்டு நாள் என்கூடப் பேசல."

"எப்படிப் பேசுவேன்?" என்றார் வெள்ளைச்சட்டைக்காரர். "நான் தோக்கணும்ங்கிறதுதான் பேச்சு. சரி. ஆனா தோக்குறதுக்காவது எனக்கு ஒரு கை குடுக்கணும்ல? தொடவே விடலையே!"

சர்வேயர் மெல்ல நாற்காலியில் சாய்ந்தார். பிறகுதான், ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார்.

எனக்கு அப்போது ஒரு கேள்வி எழுந்தது. இவ்வளவு பேரைச் சந்தித்த பிறகு அது தானாக வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். "உங்க ரெண்டு பேருல யாரு பெரிய ஆட்டக்காரர்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருமல்காரர்தான் பதில் சொன்னார். "நாங்க நிஜமா ஆடுனதே இல்லம்மா. ஊருக்குள்ள யாரு ஜெயிக்கணும்னு முதல்லயே பேசிக்குவோம். அதத் தாண்டி ஆடுனதில்ல."

"தெரிஞ்சுக்கணும்னு தோணலையா?"

"தெரிஞ்சா மறுநாள் எப்படிம்மா ஒரே பஸ்ல ஏறுறது?" என்றார் வெள்ளைச்சட்டைக்காரர்.

அந்த அம்மாள் உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் கேரம் போர்டு இருந்தது. "இப்ப எந்த பஸ்ஸுல ஏறப் போறீக? ஆடுங்க. எனக்கும் கல்யாணம் ஆன நாள்லருந்து தெரிஞ்சுக்கணும்னு இருக்கு" என்று ஸ்டூல் மேல் வைத்துவிட்டார்.

மறுத்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. சர்வேயர் தானே பவுடர் தூவிக் காய்களை அடுக்கினார். இருமல்காரர் இடது கையால் பிரேக் செய்தார். ஒன்று, இன்னொன்று என்று விழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் கை காதுக்குப் போயிற்று. ரெட்டும் விழுந்தது. அதற்குத் துணையாகப் போட வேண்டிய வெள்ளை, பாக்கெட்டின் வாயிலேயே உட்கார்ந்திருந்தது. ஊதினாலே விழுந்துவிடும். அவர் அடித்தார். ஸ்ட்ரைக்கர் அதை உரசாமல் பக்கத்தில் போய்விட்டது.

வெள்ளைச்சட்டைக்காரர் ஸ்ட்ரைக்கரை எடுக்கவில்லை. "வேணும்னே விட்டீரா?"

"இல்லய்யா. கண்ணு தெரியல."

"பாக்கெட்டுல இருக்குற காய் தெரியலையா? எனக்கு யாரும் விட்டுக் குடுக்க வேண்டாம்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். எதிர்வீட்டுக் கதவு சாத்திய சத்தம் எங்களுக்குக் கேட்டது. நானும் அந்தக் காயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் விட்டாரா, தவறியதா என்று எனக்கும் தெரியவில்லை. வாழ்நாள் முழுக்கத் தவறுவதுபோல் நடித்தவருக்கு, நிஜமாகத் தவறியதை எப்படி நிரூபிக்க முடியும்?

கொஞ்ச நாள் கழித்து அந்த அம்மாள் போன் செய்தார். சம்பந்தி, இருமல்காரரைக் கையோடு கண் டாக்டரிடம் கூட்டிப் போனாராம். வைத்தியத்துக்காக அல்ல, சொன்னது உண்மையா என்று தெரிந்துகொள்ள. வலது கண்ணில் புரை முற்றியிருக்கிறது என்று டாக்டர் சொன்னதும், "அப்ப நிஜமாத்தான் தெரியல" என்று அங்கேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் குனியலாம் என்று சொன்ன பிறகு ஒரு மத்தியானம் இருவரும் போர்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார்கள். அதையும் அந்த அம்மாள்தான் சொன்னார்.

"நான் கதவுல காத வச்சுக் கேட்டேன். கடைசியா ரொம்ப நேரம் ஒரே ஆளு விடாமக் காய் போடுற சத்தம் மாதிரியே இருந்துச்சு. யாருன்னு தெரியல. வெளிய வந்ததும் கேட்டேன். நல்ல ஆட்டம்னு ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னாக. அம்புட்டுத்தான்."

அவர் சொன்னதை அப்படியே புத்தகத்தில் சேர்த்தேன். புரூஃப் படித்த சர்வேயருக்குக் கோபம். "முடிவே இல்லாம ஒரு அத்தியாயமா? நீங்க கேக்குற விதம் சரியில்ல. நான் போய்க் கேட்டு வாரேன்" என்று தனியாகவே காளையார்கோவிலுக்குக் கிளம்பினார்.

மறுநாள் கடைக்கு வந்தார். "யாருன்னு கேட்டீகளா?" என்றேன்.

"எங்க கேக்குறது? போனதும் என்னைய உக்கார வச்சுட்டாக. ரெண்டு பேர்ட்டயும் தோத்துட்டு வந்தேன். அதையும் சேத்துக்கங்க."

பக்கங்கள் ஏற்கெனவே அச்சகத்துக்குப் போய்விட்டன என்று சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் போர்டிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.