பிரேக்கக்காவின் வலது கால்

கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று, அவளாகச் சம்பாதித்த பேர் ஒன்று. வைத்த பேர் முதலாளிக்கே சட்டென்று வாயில் வராது. சம்பாதித்த பேர் பிரேக்கக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மரியாதை எல்லாம் இல்லை, பயம்.

பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்ள வந்தவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கடவுளை நினைக்கும் நேரத்தில், பக்கத்தில் இருப்பவர் அதை மிதித்து நாலு உயிரைக் காப்பாற்ற வேண்டும். பிரேக்கக்காவின் வலது கால் அந்த வேலைக்கென்றே பிறந்தது. கண் பார்க்கும் முன்னே கால் பார்த்துவிடும். கால் மிதித்த கையோடு வாயும் திறக்கும்.

"கியரை ஏன் சார் அந்தப் பாடு படுத்துறீங்க? முன்ஜென்மத்துப் பகையா?" என்பாள். "அந்த சைக்கிள்காரர் உங்க சொத்துல பங்கு கேட்டாரா? அப்புறம் எதுக்கு அவரையே பாத்து ஓட்டுறீங்க?"

திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டவர்கள் நன்றாக ஓட்டினார்கள். அதனால் திட்டு வாங்க ஆள் வந்துகொண்டே இருந்தது.

அவள் புருஷன் அதே பள்ளியில் மெக்கானிக். அவள் மிதித்தே தேய்த்த பிரேக்கை மாற்ற வந்து, பேச்சுக் கொடுத்து, மாட்டிக்கொண்டவன். சொந்தமாக ஒரு பழைய கார் வைத்திருந்தான். அதில் அவள் உட்காரும் பக்கம் பிரேக் ஏது? வெறும் ரப்பர் விரிப்புதான். ஆனால் அவன் ஓட்டும்போதெல்லாம் அவள் கால் அந்த விரிப்பை ஓங்கி ஓங்கி மிதிக்கும். மிதித்து மிதித்துக் குதிகால் படும் இடத்தில் ஓட்டையே விழுந்துவிட்டது.

"அங்க பிரேக் இல்லம்மா" என்பான் அவன், பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு.

"அது எனக்குத் தெரியும். என் காலுக்குத் தெரியணுமே."

இப்படிப்பட்டவளின் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியது. ஆரம்பத்தில் வாந்தி. அது எல்லோருக்கும் வருவதுதான். வாந்தி நின்ற பிறகு பேச்சும் நின்றது. ஒருவர் முன்னால் போவதற்குப் பின்கியரைப் போட்டார். பக்கத்தில் இருந்தவள் "பரவால்ல, மாத்திப் போடுங்க" என்றாள். அந்த மனிதர் பயந்தே போனார்.

அப்புறம் பயம் தெளிந்து எல்லோரும் கொண்டாட ஆரம்பித்தார்கள். அக்காவுக்குத் தாய்மை வந்ததும் சாந்தமும் வந்துவிட்டது என்றார்கள். பிள்ளை பிறந்த பிறகும் இப்படியே இருங்கள் என்று முதலாளி கேட்டுக்கொண்டார். புருஷனுக்கோ தலைகால் புரியவில்லை. அவன் காரில் அவள் விரிப்பை மிதிப்பதையே விட்டுவிட்டாள். கடைசியில் தான் ஓட்டுவதற்கும் ஒரு மரியாதை கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். ஓட்டை விழுந்த விரிப்பைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வாங்கிப் போட்டான். அட அசடே என்று அவன் மண்டையில் தட்ட அங்கே ஒருவரும் இல்லை.

சாந்தமாவது மண்ணாவது. அவளுக்குள் ஒன்றுமே இல்லை, அவ்வளவுதான். காலையில் எழுந்து உட்காருவதே மலையைப் புரட்டுவதாக இருந்தது. சாப்பாடு காகிதத்தை மெல்வதுபோல் இருந்தது. பார்க்கிறவர்கள் எல்லாம் வயிற்றைக் காட்டி "சந்தோஷமா?" என்று கேட்டார்கள். "ம்" என்றாள். ஊரே கொண்டாடும் விஷயத்தில் நான் மட்டும் சாவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறேனே, நான் என்ன பொம்பளை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பிறரைத் திட்டிய வாய், இப்போது உள்பக்கமாகத் திரும்பிக்கொண்டது.

அப்போதுதான் கார் கற்றுக்கொள்ள வந்த நர்ஸ் ஒருத்தி டயரில் இடித்தாள்.

நர்ஸ் பக்கத்து ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுபவள். அலறும் பிள்ளையைச் சிரிக்க வைத்து ஊசி போடும் கை, ஸ்டியரிங்கைத் தொட்டால் மட்டும் நடுங்கும். லைசென்ஸ் பரீட்சையில் அவள் தோற்ற கதையைப் பள்ளியில் புதிதாகச் சேர்பவர்களுக்குத் தைரியம் வருவதற்காகச் சொல்வார்கள். அன்று பயிற்சி மைதானத்தின் ஓரத்தில் அடுக்கியிருந்த பழைய டயர்களைப் பார்த்ததும் பதறி, பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்தாள்.

பிரேக்கக்கா டயர்கள் வருவதைப் பார்த்தாள். வரட்டுமே என்று தோன்றியது. வலது கால் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

நல்லவேளை, வண்டி மெதுவாகத்தான் போனது. மேலே இருந்த டயர் ஒன்று உருண்டு வந்து பானெட்டில் உட்கார்ந்ததோடு சரி. புருஷன் ஓடி வந்தான். அவளுக்கும் வயிற்றுக்கும் ஒன்றுமில்லை என்று பார்த்தான்.

"பிரேக் பிடிக்கலையா?" என்று கேட்டான்.

"ம்" என்றாள்.

மெக்கானிக்குக்கு அந்த ஒரு 'ம்' போதும். வண்டிக்கு அடியில் படுத்துவிட்டான். அவள் பக்கத்து பிரேக்கை அக்கக்காகக் கழற்றினான். தேய்மானம் இல்லை, ஒழுகல் இல்லை, பழுது என்று சொல்ல ஒரு மண்ணும் இல்லை. அதுவே அவனுக்கு எரிச்சலாகி, கேபிளிலிருந்து பெடல் வரை எல்லாவற்றையும் புதிதாக மாட்டினான். நல்ல பிரேக்கைப் பிடுங்கிவிட்டு நல்ல பிரேக்கை மாட்டிய திருப்தியில் கையைத் துடைத்துக்கொண்டான்.

நர்ஸ் மட்டும் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். "அக்கா, நீங்க மிதிக்கவே இல்ல. உங்க கால் சும்மாதான் கிடந்துச்சு, நான் பாத்தேன்."

"அசதி சிஸ்டர்."

"அசதி மட்டும்தானா? தூக்கம் வருதா? காரணமில்லாம அழுகை வருதா? வயித்துல பிள்ளை இருக்கும்போதே சிலருக்கு மனசு இப்படிப் படுத்துரும். அதுக்கு வைத்தியம் இருக்கு. வாங்க, டாக்டரைப் பாக்கலாம்."

"நீங்க முதல்ல எது ஆக்சிலேட்டர், எது பிரேக்னு பாருங்க. அப்புறமா என்னைப் பாக்கலாம்."

பழைய வாயில் மிச்சம் இருந்த கடைசித் துளி அது. அதையும் தப்பான ஆளிடம் செலவு செய்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பிரேக் பழுது என்று ஒரு காரணம் கையில் கிடைத்த பிறகு யார் போவார்கள்?

பெண் குழந்தை பிறந்தது. கூடமாட இருக்கப் புருஷனின் அக்கா வந்து இறங்கினாள். பெட்டியில் துணி கொஞ்சம், புத்திமதி நிறைய. பிள்ளையைக் குளிப்பாட்டுவது, துணி துவைப்பது எல்லாம் அவள்தான். அந்தப் புண்ணியத்தைக் குறை சொல்லக் கூடாது. வாய்தான் ஓயாது.

"நான் மூணு பெத்தேன். ஒருநாளாவது இப்படி மூலையைப் பிடிச்சு உக்காந்திருப்பேனா? பிள்ளை முகத்தைப் பாரு கண்ணு, எல்லாம் பறந்துரும்."

அவள் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் பறக்கவில்லை. யாரோ கொடுத்துவிட்டுப் போய், திரும்பி வாங்க மறந்துவிட்ட பிள்ளையாகத் தெரிந்தது. 'அது பசிக்கு அழுவுது' என்பாள், 'அது தூங்கிருச்சு' என்பாள். பால் கொடுத்தாள், துணி மாற்றினாள், எதிலும் குறை வைக்கவில்லை. பிள்ளை தூங்கும்போது அவளுக்குத் தூக்கம் வரவில்லை. நான் இல்லாவிட்டால் இவர்கள் எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள் என்ற நினைப்பு ஒருநாள் எட்டிப் பார்த்தது. பிறகு அது உள்ளே வந்து, கால் நீட்டிப் படுத்துக்கொண்டது. அதைக் கண்டு அவளுக்கே பயமாக இருந்தது. யாரிடம் சொல்வது? பெற்ற தாய் பேசுகிற பேச்சா இது என்று வாயிலேயே போடுவார்கள்.

புருஷனுக்கும் ஏதோ சரியில்லை என்று தெரிந்துதான் இருந்தது. எது என்று தெரியாததால் ஃபேனைக் கழற்றி மாட்டினான். குழாய்க்கு வாஷர் மாற்றினான். தொட்டில் கிறீச்சிடுகிறது என்று எண்ணெய் விட்டான். வீட்டில் சத்தம் போட்டவை எல்லாம் அடங்கின. சத்தம் போடாமல் கிடந்த ஒருத்தியை மட்டும் அவன் ஸ்பேனர் எட்டவில்லை.

தடுப்பூசிக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். முன்னால் அவனும் அவளும், பின்னால் பிள்ளையோடு அக்காக்காரி. ஒரு சந்திலிருந்து லாரி ஒன்று ஹாரன் அடிக்காமல் பின்பக்கமாக நகர்ந்து ரோட்டுக்கு வந்தது. அவன் பிரேக்கை மிதித்த மிதியில் வண்டி குலுங்கி நின்றது. லாரிக்கும் காருக்கும் நடுவே ஒரு கை நுழையலாம், அவ்வளவுதான் இடம். அக்காக்காரி அலறினாள், பிள்ளை வீறிட்டது. பிரேக்கக்கா காலை மடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸ்தான் ஊசி போட்டாள். புருஷன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"நூலிழையில தப்பிச்சோம் சிஸ்டர். அக்கா போட்ட அலறல் இன்னும் காதுல நிக்குது. இவளைப் பாருங்க, அசையவே இல்ல. என் டிரைவிங் மேல அவ்வளவு நம்பிக்கை."

நர்ஸ் பிள்ளையை அக்காக்காரியிடம் கொடுத்துவிட்டு பிரேக்கக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "லாரி வந்தப்ப என்னக்கா தோணுச்சு?"

"வந்தா வரட்டும்னு தோணுச்சு."

புருஷன் முகத்தில் இருந்த சிரிப்பு இறங்க வழி தெரியாமல் அங்கேயே நின்றது.

"பின்னாடி பிள்ளை இருந்துச்சு சிஸ்டர். அதுகூட எனக்கு அப்புறமாத்தான் ஞாபகம் வந்துச்சு." அவ்வளவு நாளும் வராத அழுகை அப்போது வந்தது. "அப்படி ஒருத்தி அதுக்கு எதுக்கு?"

"செத்துப்போயிடலாம்னு தோணுதாக்கா?" நர்ஸ் குரலைத் தாழ்த்தவும் இல்லை, உயர்த்தவும் இல்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்பதுபோல் கேட்டாள்.

"தோணுது."

நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொன்னீங்களே, அது போதும். உங்களைத் தனியா விடமாட்டேன். இப்பவே டாக்டர்கிட்ட போறோம்."

"அன்னைக்கு டயர்ல இடிச்சப்ப..." என்று ஆரம்பித்தான் புருஷன்.

"பிரேக் நல்லாத்தான் இருந்துச்சுங்க" என்றாள் பிரேக்கக்கா.

அவன் அங்கே கிடந்த குழந்தைகளின் குட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். நாற்காலி அவனைத் தாங்கியது அவன் அதிர்ஷ்டம்.

மனநல மருத்துவர் சோதிக்க வேண்டியதைச் சோதித்து, கேட்க வேண்டியதைக் கேட்டார். இது குணக்கேடும் இல்லை, கொழுப்பும் இல்லை, பிள்ளைத்தாய்ச்சிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் வரும் நோய், நிறையப் பேருக்கு வருகிறது, குணமாகும் என்றார். மாத்திரை எழுதினார். வாராவாரம் ஆலோசகரிடம் வந்து பேசச் சொன்னார். கொஞ்ச நாளைக்கு யாராவது கூடவே இருக்க வேண்டும், ராத்திரி அவள் தூங்கியாக வேண்டும், பிள்ளையைப் புருஷன் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்.

அக்காக்காரி குறுக்கே விழுந்தாள். "பால் குடுக்கிறவளுக்கு மாத்திரையா? மனசைத் தைரியமா வச்சுக்கிட்டாப் போதாதா டாக்டர்?"

"நீங்க எதுக்காவது மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?"

"சர்க்கரைக்கு."

"ஏன், மனசைத் தைரியமா வச்சுக்கிட்டா சர்க்கரை இறங்கலையா?"

அக்காக்காரி வாயை மூடியதை அன்றுதான் அந்தக் குடும்பம் பார்த்தது.

"பால் குடுக்கிறதை யோசிச்சுத்தான் எழுதியிருக்கேன். பிள்ளையையும் பாத்துக்குவோம். நல்லாயிட்டேன்னு நீங்களா மட்டும் நிறுத்திடாதீங்க" என்றார் மருத்துவர்.

மாத்திரை விழுங்கிய மறுநாள் விடிந்ததும் சிரித்தபடி எழுந்தாள் என்று எழுத ஆசைதான். அப்படியெல்லாம் நடக்கவில்லை. முதலில் வாய் வறண்டது, வயிற்றைப் புரட்டியது. மருத்துவர் அளவை மாற்றினார். ஒருநாள் பரவாயில்லை என்று இருக்கும், மறுநாள் பழைய குழியிலேயே விழுந்து கிடப்பாள். ஆலோசகர் முன்னால் பாதி நேரம் சுவரைப் பார்த்தாள், மீதி நேரம் அழுதாள். புருஷன் ராத்திரி பிள்ளையைத் தோளில் போட்டு நடந்து நடந்து, பகலில் வண்டிக்கு அடியில் படுத்தபடியே தூங்கினான். அக்காக்காரியோ அந்த வைத்தியத்தையே தான்தான் கண்டுபிடித்தவள் மாதிரி மாத்திரை நேரத்துக்குத் தண்ணீரும் கையுமாக வந்து நின்றாள். பிரேக்கக்காவுக்குத் தூக்கம் வந்தது. பிறகு பசித்தது. ஒருநாள் பிள்ளையின் காது அப்படியே புருஷனின் காதாக, விடைத்துக்கொண்டு இருப்பதைக் கவனித்து, பாவம் என்று நினைத்தாள்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள். அவன் ஓட்டினான், அவள் பக்கத்தில், அக்காக்காரி பின்னால் பிள்ளையோடு. அவன் கண்ணாடியில் பிள்ளைக்கு அழகு காட்டிக்கொண்டே வந்தான். முன்னால் போன பஸ் நின்றது.

தொம் என்று ஒரு சத்தம். அவள் வலது கால் புது விரிப்பில் ஓங்கி இறங்கியிருந்தது. அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டு அவனும் மிதித்தான், வண்டி நின்றது.

"ஏங்க, கண்ணை வீட்டுல கழட்டி வச்சிட்டு வந்தீங்களா? உங்களுக்கெல்லாம் எவன் லைசென்ஸ் குடுத்தான்? பின்னாடி என் பொண்ணு இருக்கா, தெரியுதா?"

அவன் வண்டியை ஓரம் கட்டினான். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, கிரீஸ் அப்பிய கையால் கண்ணைத் துடைத்து முகத்தைக் கறையாக்கிக்கொண்டான்.

"என்னங்க ஆச்சு? அடிபட்டுச்சா?"

"ஒண்ணுமில்ல. திட்டு."

"என்னது?"

"நிறுத்தாத. இன்னும் கொஞ்சம் திட்டு."

"மாத்திரை வேலை செய்யுதுடா தம்பி" என்றாள் பின்னாலிருந்து அக்காக்காரி.

அவள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு புருஷன் கேட்டுக்கொண்டபடியே, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அவனைத் திட்டிக்கொண்டே போனாள்.