வளைகாப்பில் சுண்டல்

போன மாதம் ஒரு காலை. காபி டம்ளரை வாயருகே கொண்டுபோன நேரத்தில் அழைப்பு மணி. கதவைத் திறந்தால் கீழ்வீட்டு வடிவு அக்கா. கையில் ஹாட்பாக்ஸ், முகத்தில் கோபம்.

"பத்மா, இதத் தின்னு பாத்துச் சொல்லு. இதுல என்ன விஷமா கலந்துருக்கேன்?"

திறந்தேன். வெண்பொங்கல். நெய்யில் மிளகும் முந்திரியும் மினுமினுத்தன. நீதிபதி வேலை எனக்குப் புதிதுதான், ஆனாலும் இப்படிப்பட்ட வழக்கை யார் வேண்டாம் என்பார்கள்? ஒரு கரண்டி எடுத்தேன்… தீர்ப்பு எழுத இன்னொன்றும் தேவைப்பட்டது. விஷம் எதுவும் இல்லை என்று அறிவித்தேன்.

"அத என் மருமவகிட்டச் சொல்லு. கையெடுத்துக் கும்பிட்டு, 'நக்கோ அத்தை'ங்கா. வேண்டாமாம்." சொல்லும்போதே அக்காவின் கண் கலங்கிவிட்டது.

வடிவு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவர் பாலாநகரில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணமாகி ஹைதராபாத் வந்த அக்கா, மாரெட்பள்ளியிலேயே தங்கிவிட்டார். ஆட்டோக்காரரிடம் தெலுங்கு, காய்கறிக்காரரிடம் ஹிந்தி, கோபம் வந்தால் மட்டும் அசல் பாளையங்கோட்டை. அன்றைக்கு முழுக்க முழுக்கப் பாளையங்கோட்டைதான்.

மருமகள் நிவேதா சைனிக்புரியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ராணுவத்தில் இருந்தவர். நாம் பேசும் தமிழ் அவளுக்கு நன்றாகப் புரியும், பதில் மட்டும் நாலு மொழியில் வரும். சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. எங்கே தப்பு என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். இப்போது முதல் பிள்ளை வயிற்றில். ஆறாம் மாதப் பரிசோதனையில் சர்க்கரை எட்டிப் பார்த்துவிட்டது. உணவில் கவனமாக இருங்கள், நடங்கள், அப்படியும் இறங்காவிட்டால் இன்சுலின் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கவனமாக இருங்கள்! எவ்வளவு சுலபமான சொல். எதில், எவ்வளவு, யார் வீட்டில்?

அன்று சாயங்காலமே நிவேதா மாடியேறி வந்தாள். சுடிதார் கையை விலக்கிக் காட்டினாள். மேல்கையில் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வில்லை ஒட்டியிருந்தது. சென்சாராம். உடம்பில் சர்க்கரை ஏறுவதையும் இறங்குவதையும் ஓயாமல் போனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்குமாம்.

"பாருங்க ஆன்ட்டி, பொங்கல் தின்னா இப்டி சட்டுனு மேல ஏறி ஸ்பைக் ஆகுது. இட்லிக்கும் ஆகுது. அத்தையும் மாமாவும் அதே இட்லிதான் தின்றாங்க, வாள்ளக்கி ஏமீ காது, ஒண்ணும் ஆகல. எனக்கு மட்டும் கைக்கு?"

எனக்கு மட்டும் ஏன்? நல்ல கேள்விதான். ஒரே தட்டில் இருப்பதை இரண்டு பேர் சாப்பிட்டாலும் இரண்டு உடம்பும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்றுதான் இப்போதைய ஆராய்ச்சிகளும் சொல்கின்றன. வயது, தூக்கம், கர்ப்பம், குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் என்று காரணங்கள் நீளுகின்றன. நான் படித்ததையெல்லாம் அவளிடம் கொட்டினேன். அவள் கேட்டுக்கொண்டே போனைப் பார்த்தாள். பேசி முடிப்பதற்குள் எத்தனை முறை பார்த்திருப்பாள் தெரியுமா? எண்ணுவதை நான் பாதியில் விட்டுவிட்டேன்.

இந்த உணவு ஆராய்ச்சிகளோடு எனக்கு நீண்ட நாள் பழக்கம். முட்டையின் மஞ்சள் கருவைத் தூக்கி எறிந்திருக்கிறேன். அப்புறம் மன்னிப்புக் கேட்டுத் திரும்பச் சேர்த்திருக்கிறேன். தேங்காய் எண்ணெயைத் தலைக்கு மட்டும் என்று ஒதுக்கி, பிறகு வாணலிக்கு அழைத்து, மறுபடியும் தலைக்கே அனுப்பியிருக்கிறேன். நெய் எங்கள் வீட்டில் வில்லனாகவும் இருந்திருக்கிறது, ஹீரோவாகவும் இருந்திருக்கிறது.

விஞ்ஞானிகளைக் குறை சொல்ல மாட்டேன். எலியைக் கூண்டில் வைத்து, போட்டதைத்தான் தின்ன வேண்டும் என்று சொல்லலாம். மனிதரை என்ன செய்வது? "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டால், நாம் சொல்லும் பதிலில் கீரை வரும்… சாயங்காலம் நின்றபடி தின்ற மிளகாய் பஜ்ஜி வராது. இப்படிப்பட்ட நம்மை வைத்துக்கொண்டு அவர்கள் இவ்வளவு கண்டுபிடித்ததே பெரிது.

சரி, நிவேதாவிடம் வருவோம். அடுத்த சில வாரங்களில் அவள் எண்கள் அழகாக இறங்கின. போனில் கோடு ஏரித் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. "கன்ட்ரோல்ல இருக்கு ஆன்ட்டி!" என்று லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் காட்டினாள். நானும் பாராட்டினேன்.

கீழ்வீட்டில் மட்டும் போர் நடந்துகொண்டிருந்தது. அக்கா பால் கொண்டுபோவார், அப்படியே திரும்பி வரும். மாதுளை ஜூஸ் போகும், திரும்பி வரும். "ரெண்டு உசுருக்குத் திங்கணும்ட்டி" என்று அக்கா கெஞ்சுவார். "ப்ளீஸ் அத்தை, நக்கோ" என்று அவள் கதவைச் சாத்திக்கொள்வாள். மகன் கார்த்திக்? காதில் ஹெட்போனோடு உலக நாடுகளின் நடுநிலைக் கொள்கையைக் கடைப்பிடித்து வந்தான்.

அடுத்த பரிசோதனைக்கு நான்தான் காரில் அழைத்துப்போனேன். கார்த்திக்குக்கு அன்று ஆபீசில் ஏதோ சாஃப்ட்வேர் ரிலீஸ். அக்காவும் வந்தார். டாக்டர் முதலில் போனைப் பார்க்கவே இல்லை. எடை பார்க்கும் மிஷினில் ஏறச் சொன்னார். பிறகு சிறுநீர்ப் பரிசோதனை. பிறகுதான் நிவேதா பெருமையாக நீட்டிய போன்.

"நம்பர் நல்லா இருக்கு. சாப்பாடு எங்கே?" என்று கேட்டார் டாக்டர்.

விஷயம் இதுதான். நிவேதா தன் தொழில்முறைப்படி ஒவ்வொன்றாகத் தப்பைத் தேடியிருக்கிறாள். பொங்கலில் எண் ஏறியது, நிறுத்தினாள். இட்லி, நிறுத்தினாள். சோறு, பால், பழம்… எல்லாம் ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் வெள்ளரிக்காயும் மோரும்தான் மிஞ்சியிருந்தன. ஏறுவதற்கு எதுவும் உள்ளே போகவில்லை, கோடு எப்படி ஏறும்? ஏற வேண்டிய எடை குறைந்திருந்தது. சாப்பாடு கிடைக்காமல் உடம்பு தன் கொழுப்பையே எரிக்கத் தொடங்கிவிட்டது, அந்த அடையாளம் சிறுநீரில் தெரிந்தது.

"நான் அப்பவே சொன்னேன்லா!" என்று அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். தெலுங்கில் பொறுமையாகச் சொன்னார். ஜூஸ் வேண்டாம். சர்க்கரை போட்ட பால் வேண்டாம். இரண்டு பேருக்கான சாப்பாடு என்று ஒன்று கிடையவே கிடையாது. ஆனால் சோற்றையும் இட்லியையும் வீட்டை விட்டுத் துரத்த வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, வேளை தவறாமல். முதலில் காய், பருப்பு, சுண்டல், முட்டை. அதற்குப் பிறகு சோறு. அதே சாப்பாட்டை இந்த வரிசையில் சாப்பிட்டால் பலருக்குச் சர்க்கரை மெதுவாக ஏறுகிறது. சாப்பிட்டதும் உட்காராமல் கொஞ்சம் நடந்தால் இன்னும் நல்லது. "இதையெல்லாம் செய்தும் இறங்காவிட்டால் இன்சுலின் போடலாம். அது தண்டனை இல்லை" என்று நிவேதாவின் கையைத் தட்டிக்கொடுத்தார்.

காரில் ஏறியதும் நிவேதா உடைந்துவிட்டாள்.

"ஆன்ட்டி, நான் தின்னாம இருந்ததுல பேபிக்கு ஏமைனா… ஏதாவது ஆயிருக்குமா? தின்னாலும் பேபிக்குக் கெட்டது, தின்னலைனாலும் கெட்டது. நான் என்னதான் செய்யறது?"

டாக்டர் பயப்பட எதுவும் இல்லை என்றுதான் சொல்லியிருந்தார். அதைத் திரும்பச் சொன்னேன். அழுகை நிற்கவில்லை. பின் சீட்டில் அவளோடு உட்கார்ந்திருந்த அக்கா அவள் பக்கம் நெருங்கி உட்கார்ந்தார். பிறகு மெதுவாகப் பேசினார்.

"கார்த்திக்குக்கு முன்னால எனக்கு ஒண்ணு தங்கல. ஏழாம் மாசம். எல்லாரும் என்ன சொன்னாவ தெரியுமா? நான் சரியாத் திங்கலையாம், அதான் போயிட்டாம். எனக்கு வாந்தி நிக்கவே இல்ல… எப்படித் திங்க? இன்னைக்கும் அந்தப் பேச்சு காதுல கெடக்கு. அதான் உன்னையப் போட்டு அந்தப் பாடு படுத்திட்டேன். பயந்துட்டேம்மா."

நான் காரை ஓரமாக நிறுத்திவிட்டேன். பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் என்னை ஏதோ திட்டிக்கொண்டு போனார்.

இத்தனை வருடப் பழக்கத்தில் அக்கா என்னிடம் இதைச் சொன்னதில்லை. அந்தக் குழந்தை ஏன் தங்கவில்லை என்று யாருக்குத் தெரியும்? காரணம் எதுவாகவும் இருந்திருக்கலாம். ஆனால் ஊருக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது, கைக்கெட்டும் தூரத்தில் தாயின் தட்டு இருந்தது.

கருவில் இருக்கும்போது கிடைக்கும் ஊட்டம், பிள்ளை வளர்ந்து பெரியவனான பிறகும் அவன் உடல்நலத்தில் எதிரொலிக்கிறது என்று இன்றைய ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. முக்கியமான விஷயம், சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் 'தாயின் உணவு' என்று எழுதுவதை நாம் 'தாயின் குற்றம்' என்று வாசித்துவிடுகிறோம். அன்றைக்கு வடிவு அக்கா வாசித்தார். இன்றைக்குப் படித்து, சம்பாதித்து, சென்சார் ஒட்டிய பிறகும் நிவேதா அதையேதான் வாசித்திருக்கிறாள். இதை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஒரு பெண் தனியாகவா சாப்பிடுகிறாள்? தட்டில் போடுகிறவர்கள் எத்தனை பேர், தட்டைப் பார்த்துக் கருத்துச் சொல்கிறவர்கள் எத்தனை பேர்!

இதற்கு நடுவில் வளைகாப்பு வந்தது. வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்ப வேண்டும். இந்தப் பெண்ணின் தாய்வீடு சைனிக்புரி, ஆட்டோவில் ஏறினால் பேச்சு முடிவதற்குள் வந்துவிடும். ஆனாலும் சம்பிரதாயம் சம்பிரதாயம்தானே?

எலுமிச்சை சாதம், புளிசாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம், சர்க்கரைப் பொங்கல். ஊரிலிருந்து வந்த உறவினர்களும் அபார்ட்மெண்டின் தெலுங்குத் தோழிகளும் பட்டுப் புடவையில் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். வளையல் போட்டு, சந்தனம் பூசி, ஆளுக்கு ஒரு வாய் சோறு ஊட்ட வேண்டும். வந்திருந்த கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு வாய் என்றால்… நிவேதாவின் முகம் வெளிறிப்போனது. கை தன்னால் போனைத் தேடியது.

அப்போது அடுக்களையிலிருந்து வடிவு அக்கா ஒரு பெரிய தூக்குச்சட்டியோடு வந்தார். கொண்டைக்கடலைச் சுண்டல். மருமகள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"எல்லாரும் ஊட்டுங்க. யாரையும் வேண்டாங்கல. மொதல்ல சுண்டல், ஆளுக்கு நாலு கடலை. சோறு நான் மட்டும் ஊட்டுவேன்."

ஊரிலிருந்து வந்த நாத்தனார் மோவாயில் கை வைத்தார். "என்ன மதினி, வளைகாப்புல சுண்டலா? நவராத்திரியா நடக்கு?"

"வீட்டுக்கு ஒரு உசுரு வரப்போவுது. எனக்கு அதுதான் நவராத்திரி. வாங்க, வரிசையா வாங்க."

கூடமே சிரித்தது. நாத்தனாரும் சிரித்தார். நாலு கடலை ஊட்டிவிட்டு, ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்துத் தன் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்டார்.

அக்கா கடைசியாக ஒவ்வொரு சாதத்திலும் ஒரு சின்ன உருண்டை ஊட்டினார். அதோடு விட்டாரா? "எந்திரிங்க, நடக்கணும்" என்றார். "அவ மட்டும் நடந்தா தண்டன மாதிரி இருக்கும். எல்லாரும் வாங்க."

மத்தியான வெயிலில், அபார்ட்மெண்ட் பார்க்கிங்கைச் சுற்றி, பட்டுப் புடவைகள் சரசரக்க ஒரு படையே நடந்தது. வாட்ச்மேன் பதறிப்போய் ஓடிவந்தார். "ஏமைந்தம்மா? அந்தரூ எக்கடிகி?" எல்லாரும் எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்கிறார். "எக்கடிகீ காது, அரிசி கரைய நடக்கோம்" என்று அக்கா இரண்டு மொழியில் பாதிப் பாதியாகப் பதில் சொன்னார். நிவேதா நடுவில், கை நிறைய வளையல்களோடு, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு நடந்தாள். நான் அவளை அப்படிப் பார்த்து வாரக்கணக்கில் ஆகியிருந்தது.

இனிமேல் இன்சுலின் தேவைப்படாது என்று நான் எழுதப்போவதில்லை. படலாம். அடுத்த பரிசோதனையில்தான் தெரியும். "போடணும்னா போட்டுக்கலாம் ஆன்ட்டி, பரவாலேது" என்கிறாள் இப்போது. எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது.

வளைகாப்பன்று சாயங்காலம் கூட்டம் கலைந்துவிட்டது. நிவேதாவின் அம்மா பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். நான் மிச்சப் பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். கிளம்ப வேண்டிய பெண் அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"அத்தே… பசிக்குது."

வடிவு அக்காவின் கை சட்டென்று சர்க்கரைப் பொங்கல் பாத்திரத்தின் பக்கம் போனது. பாதியில் நின்றது.

"என்னம்மா தரட்டும்? நீயே சொல்லு."

"கொஞ்சம் சுண்டல். அப்புறம் தயிர் சாதம்." சொல்லிவிட்டு, போனை எடுத்து மாமியாரின் கையில் கொடுத்தாள். "இத நீங்க வெச்சுக்கோங்க. தின்னு முடிச்சதும் வாங்கிக்கறேன்."

சாப்பிட்ட பிறகு எண் எவ்வளவு காட்டியது என்றுதானே கேட்கிறீர்கள்? தெரியாது… நாங்கள் எல்லோரும் அவள் சாப்பிடுவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.