கரண்டுக் கம்பத்துக்கு வெட்டிய குழிகள்

காட்டோரத்து ஊர்களுக்கு லைன் இழுப்பது நல்லதா, சோலார் வைப்பது நல்லதா என்று ஸ்கூல் புராஜெக்டுக்காகக் கேட்டீர்கள். ஒரு வரியில் சொல்லச் சொன்னீர்கள். எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை. பார்த்ததை எழுதுகிறேன். தமிழ் எழுத்து கஷ்டமாக இருந்தால் உங்கள் அம்மா வாசித்துக் காட்டுவாள்.

செகந்திராபாத் பக்கம் பேகம்பேட்டில் ஒரு சோலார் கம்பெனியில் நான் ஃபிட்டராக இருந்தபோது நடந்தது. காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். காட்டு வழியாக லைன் கொண்டுபோக அனுமதி வராமல் வருஷக்கணக்காகத் தள்ளிப் போனது. காத்திருக்க வேண்டாம், வீட்டு விளக்கு, ஃபேன், தெருவிளக்கு எல்லாம் சோலாரில் கொடுத்துவிடலாம் என்று எங்களை அனுப்பினார்கள்.

மேஸ்திரியும் நானும் சாமான்களோடு போனோம். அவர் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். பேச்சில் அந்த ஊர் உருது கலந்து வரும்: ‘ஹவ்’ என்றால் ஆமாம், ‘கைக்கு’ என்றால் எதுக்கு, ‘நக்கோ’ என்றால் வேண்டாம். ஊருக்குள் போகும் பாதையோரம் வரிசையாகக் குழிகள் இருந்தன. ஒரு முழத்துக்குக் கீழே பாறை. அங்கே குழி எடுப்பதுதான் பெரிய வேலை.

“ஹவ், நம்ம வர்றோம்னு தோண்டி வச்சிருக்காங்க பாரு தம்பி. மாமியார் வீட்டு மரியாதை!” என்றார் மேஸ்திரி.

“யாரையாச்சும் கேட்டுக்கிடுவோமாண்ணே?”

“கைக்கு கேக்கணும்? குழியில பேரா எழுதியிருக்கு?”

மத்தியானத்துக்குள் தெருவிளக்குக் கம்பங்களை அந்தக் குழிகளில் நட்டு, கல் போட்டு இறுக்கிவிட்டோம்.

அப்போது தலையில் மாவு மூட்டையோடு ஒரு அம்மா வந்தார். ஓடைக்கு அப்பால் உள்ள ஊருக்கு நடந்துபோய்ச் சோளம் அரைத்து வருகிறவர். கம்பங்களைப் பார்த்து மூட்டையை இறக்கினார். தெலுங்கில் அவர் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

“என்ன அண்ணா, உங்க வீட்டுக் கல்யாணமா? யாரையும் கேக்காம பந்தக்கால் நட்டுட்டீங்க!”

அந்தக் குழிகள் லைன் கம்பத்துக்காக ஊரார் சேர்ந்து வெட்டியவை. பாறை என்று சாக்குச் சொல்லி லைன்காரர்கள் திரும்பிவிடக் கூடாது என்று முன்கூட்டியே வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்த அம்மா வீட்டில் அவருடைய அண்ணன் கொடுத்த பழைய மாவு மில் ஒன்று சாக்கு போர்த்திக் கிடந்தது. அது ஓட த்ரீ ஃபேஸ் கரண்ட் வேண்டும். எங்களைக் கூட்டிப்போய்க் காட்டினார்.

“உங்க சோலார் இதைச் சுத்துமா?”

“அதெல்லாம் நக்கோ அக்கா. இது பல்புக்கும் ஃபேனுக்கும்தான். மில்லை ஓட்டினா பேட்டரி படுத்துடும்.”

“அப்ப கம்பத்தைப் புடுங்குங்க. லைன்காரன் வருவான், குழியில கம்பம் நிக்கும், விளக்கும் எரியும். இந்த ஊருக்குக் கரண்ட் வந்தாச்சுன்னு எழுதிட்டுப் போயிடுவான். நான் சாகுற வரைக்கும் மூட்டை தூக்கணுமா?”

கூடியிருந்தவர்களில் ஒரு பெரியவர் சொன்னார்: “லைன் எப்ப வருமோ. பாம்பு இன்னிக்கே வருதே தங்கச்சி.”

“விளக்கு வேண்டாம்னு நான் சொன்னேனா? அந்தக் குழியில வேண்டாம்னுதான் சொல்றேன்.”

மேஸ்திரி ஆபீஸுக்கு போன் போட்டார். மில் ஓட்டுகிற அளவுக்குப் பெரிய சிஸ்டம் இந்தத் திட்டத்தில் கிடையாது, விளக்காவது வைத்துவிட்டு வாருங்கள் என்றார் இஞ்சினியர்.

நட்டதையெல்லாம் பிடுங்கினோம். பாதையின் மறுபக்கம் பாறையை உடைத்துப் புதுக் குழி எடுத்தோம். அந்த அம்மாவே கடப்பாரை கொண்டுவந்தார். காலிக் குழிகளில் ஆடு விழாமல் இருக்கப் பலகைக் கல் வைத்து மூடினார்கள். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அவற்றில் சேர்ந்த சேற்றை அவர் அள்ளிப் போடுவார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஊரில் ஓர் அறையில் வைத்திருந்த பேட்டரிகளுக்குத் தண்ணீர் ஊற்ற அவ்வப்போது போவோம். நான் அந்தக் கம்பெனியை விடுவதற்கு முன்பே ஊருக்கு லைன் வந்துவிட்டது. லைன்காரர்கள் பாறை துளைக்கும் மெஷின் கொண்டுவந்தார்களாம். பழைய குழிகள் ஆழம் போதாது என்று பக்கத்திலேயே வேறு குழி போட்டுக் கம்பம் நட்டிருந்தார்கள். அந்த அம்மா மில்லில் உட்கார்ந்திருந்தார். புருவமெல்லாம் மாவு.

மேஸ்திரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “பாத்தீங்களா அக்கா? எங்க கம்பம் அந்தக் குழியிலேயே நின்னிருந்தாலும் லைன் வந்திருக்கும். பாறை உடைச்சதுதான் மிச்சம்.”

அவர் மில்லை நிறுத்தாமலே சத்தமாகச் சொன்னார்: “வந்திருக்கும்னு இப்ப சொல்றீங்க அண்ணா. அன்னிக்குச் சொன்னீங்களா?”

மேஸ்திரி தண்ணீர்க் கேனை எடுத்துக்கொண்டு பேட்டரி அறைக்குப் போனார்.